ஒரு ‘ங்க’

தமிழில் ஓர் ஆளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். வந்தான் என்பதா, வந்தார் என்பதா? தப்பிக்க வழியில்லை. இந்தக் கதையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற சந்திரிகாவுக்கும் சாக்குத் தூக்குகிற அழகையாவுக்கும் நான் ‘ர்’ போடப் போகிறேன். வெளிக்கள உத்தியோகத்தர் நிரஞ்சனுக்கு ‘ன்’. அவன் இளவட்டம் என்பதால் அல்ல. யூனியனின் தோட்டத் தலைவர் ராஜரட்ணத்துக்கு ‘ர்’ போட எனக்கு மனமில்லை. ஆனால் தலைவர் என்று எழுதியவுடன் அது தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது, என்ன செய்ய.

தோட்டம் ஹேவாஹெட்டப் பக்கம் இருக்கிறது. கம்பெனிப் பலகையில் வெள்ளைக்காரன் வைத்த பெயர்; ஆட்கள் வாயில் அது வட்டக்கல். கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக வரும் பஸ்ஸை விட்டு இறங்கி, கோயிலைத் தாண்டி ஏறினால், ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையாகச் சந்திரிகாவின் லயம். ஆடி மாதத்தில் காலையில் பிடிக்கும் தூறல் பொழுது சாயும்வரை விடாது. அட்டை ஏறாமலிருக்கப் பெண்கள் காலில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு மலைக்குப் போவார்கள். அட்டை ஏறத்தான் ஏறும். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து கனத்து முழங்காலில் அடிக்கும். பின்னேரம் நிறுக்கும்போது கொழுந்திலுள்ள ஈரத்துக்கென்று ஒரு கழிவு, பைக்கென்று ஒரு கழிவு. இப்படிக் கழித்துக் கழித்தே வாழ்ந்த ஜனத்துக்கு ஒரு ‘டேய்’ பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அழகையா அந்தக் கட்சி.

அழகையா சந்திரிகாவின் கணவர். அறுபது தாண்டியாயிற்று, ஓய்வு கொடுத்து அவர் பெயரை வெட்டிவிட்டார்கள். இப்போது பதிவில்லாத நாள் வேலையாகக் கைக்காசுக்குப் போய், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்குகளை டிரக்டரில் ஏற்றிவிடுகிறார். தோட்டப் பதிவில் மிஞ்சியிருப்பது சந்திரிகாவின் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயர் இருக்கும்வரை அவர்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பரா இருக்கும். பெயர் போனால் காம்பராவைக் காலி பண்ணச் சொல்வார்கள். அந்த லயத்தில் இது எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கு மடுவத்தில் பெண்கள் நனைந்தபடி வரிசையில் நின்றார்கள். டிரக்டர் பிந்தி வந்திருந்தது. நிரஞ்சனுக்கு ஆபீசிலிருந்து போனுக்கு மேல் போன். அந்த எரிச்சலை இறக்க அவனுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

“டேய் அழகு! அந்தச் சாக்க எடுடா. செவுட்டுப் பயலே, நேரமாகுதுடா!”

“இந்தா எடுத்துட்டேங்க ஐயா,” என்று அழகையா ஓடினார். சேற்றில் கால் வழுக்கியது. சாக்கோடு சாய்ந்து, சமாளித்து எழுந்தார். இரண்டொருவர் சிரித்தார்கள். நிரஞ்சனும் சிரித்தான்.

வரிசையில் நின்ற சந்திரிகா பையை இறக்கி வைத்தார்.

“தம்பி, அவர டேய்ன்னு கூப்பிடாத. ஒங்கப்பாவுக்கு மூத்தவரு.”

வரிசை முழுக்க அவர் பக்கம் திரும்பியது. 

“யாருக்கு யாரு தம்பி?” என்றான் நிரஞ்சன்.

“சரி, தம்பி வேணாம். டேயும் வேணாம்.”

“கூப்பிடாதன்னா சொன்ன? கூப்பிடாதீங்கன்னு சொல்ல வராதா?”

“நீ எறக்கிச் சொன்ன, நானும் எறக்கிச் சொன்னேன். நீ ஏத்திச் சொல்லு, நானும் ஏத்திச் சொல்றேன்.”

“நீயா? யாரப் பாத்து நீங்கிற?”

“ஒன்னயப் பாத்துத்தான். இங்க வேற யாரு நிக்கிறா?”

அவன் முகம் கறுத்தது. “நாளையிலருந்து ஒனக்குப் பேர் இல்ல. பெரட்டுல எல்லார் முன்னுக்கும் மன்னிப்புக் கேட்டாத்தான் வேல. இல்லாட்டி பேர வெட்டச் சொல்லி ஆபீசுக்கு எழுதுவேன். வெளங்குதா?”

பெரட்டு என்பது காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். ஒருவரை அவமானப்படுத்த அதைவிட வசதியான இடம் தோட்டத்தில் வேறு இல்லை.

இந்த நிரஞ்சன் வானத்திலிருந்து குதித்தவன் அல்ல. அடுத்த மலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அவன் தாயும் கொழுந்து எடுத்துத்தான் அவனைக் கண்டியில் போர்டிங்கில் வைத்துப் படிக்க வைத்தாள். பெரிய துரையிடம் அவன் சிங்களத்தில் பேசும்போது கேட்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையில் ஒரு ‘சேர்’, வாலில் ஒரு ‘சேர்’. மரியாதை தெரியாதவன் என்று அவனைச் சொல்லவே முடியாது. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று நன்றாகத் தெரிந்தவன். எனக்கு ஆத்திரமே அதில்தான்.

சாயங்காலம் சந்திரிகா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். விறகு ஈரம். ரொட்டிக்கு மாவைத் தட்டிப் போட்டுவிட்டு, அம்மியில் கட்டைச் சம்பலுக்கு மிளகாய் வைத்து அரைத்தார். அரைத்த வேகத்தில் அம்மி தரையை விட்டுக் கிளம்பிவிடும் போலிருந்தது. அழகையா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தார்.

“ஒனக்கு எதுக்குடி இந்த வேண்டாத வேல?”

“என்னாங்க பேசுறீங்க? ஒங்களத்தான டேய்ன்னான்.”

“என்னத்தான சொன்னான், ஒன்னயா சொன்னான்? எனக்கே கோவம் வரல. ஒனக்கு எங்கருந்து வருது?”

“ஒங்களுக்கு வராததுனாலதாங்க எனக்கு வருது.”

“அது ஒரு பேச்சுடி. காத்துல போயிரும். முதுகுலயா ஒட்டிக்கிட்டு நிக்கிது?”

“ஒட்டிக்கிட்டுத்தாங்க நிக்கிது. பின்னால வரிசையில நின்னு நான் பாக்கிறேன்ல. சாக்குக்கு ஒரு குனிவு குனியிறீங்க. அவன் டேய்ன்னா அதுக்கு மேல ஒரு குனிவு.”

அழகையா எண்ணெய்ப் போத்தலை மூடினார். ரொட்டி கருகுகிற வாசம் வந்தது. அந்த நேரத்தில்தான் தலைவர் ராஜரட்ணம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கூடவே, போன மாதம் கண்டியில் ஏதோ விழா மேடையில் தனக்குப் பொன்னாடை போர்த்திய பேச்சும் வந்தது. அந்தப் பேச்சு இல்லாமல் அவர் இப்போதெல்லாம் எங்கேயும் போவதில்லை. வீட்டிலிருந்த ஒரே கதிரையை அழகையா துடைத்துப் போட்டார்.

“தங்கச்சி, நான் நிரஞ்சன் ஐயாகிட்டப் பேசிட்டேன்,” என்றார் தலைவர். “ஒரு வார்த்த. தெரியாமச் சொல்லிட்டேங்கன்னு சொல்லிட்டு ஒன் வேலயப் பாரு. மருவாதிங்கிறது நம்ம குடுத்தாத்தான் நமக்கு வரும்.”

“வயசுக்கு வந்த நாள்லருந்து குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் தலைவரே. எப்ப வரும்?”

“அப்பிடிப் பேசக்கூடாது. அவரு உத்தியோகத்தர். கம்பெனிக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு. யூனியனுக்கும் ஒரு கௌரவம் இருக்கு. ரெண்டையும் பாக்கணும்ல?”

“எனக்கு?”

“ஒனக்கு என்னா?”

“எனக்குன்னு என்னா இருக்குன்னு கேக்கிறேன்.”

தலைவர் கொஞ்சம் யோசித்தார். “ஒனக்கு மானம் இருக்கு தங்கச்சி. பொம்பளைக்கு அதான முக்கியம். நாலு ஆம்பள நிக்கிற எடத்துல வாய்க்கு வாய் பேசினா அது போயிரும்.”

சந்திரிகா அகப்பையைக் கீழே வைத்தார். “நல்லாப் பிரிச்சிருக்கீங்க. அவனுக்கு ஐயா. ஒங்களுக்குப் பொன்னாட. எனக்கு மானம். அத வச்சி நான் என்னா செய்றது தலைவரே? குளுருக்குப் போத்திக்கவும் முடியாது, யாரும் அதச் சொல்லி என்னயக் கூப்பிடவும் மாட்டாங்க. பத்திரமா வச்சிக்க, வாயத் தொறக்காதன்னு ஒரு சாமானக் கையில குடுத்துட்டு, வேலயப் புடுங்கிட்டுப் போறீங்க.”

“அழகு, ஒன் சம்சாரத்துக்குச் சொல்லு,” என்று தலைவர் எழுந்தார். தேத்தண்ணி குடிக்காமலே போனார்.

அகராதியைப் புரட்டினால் மரியாதை என்றால் கௌரவம், கௌரவம் என்றால் மதிப்பு, மதிப்பு என்றால் மானம் என்று ஒன்றைக் காட்டி ஒன்றைச் சொல்லும். அகராதி எழுதியவர் இந்த மடுவத்துக்கு ஒரு பின்னேரம் வந்து நின்றிருக்கலாம். இங்கே அந்தச் சொற்களையெல்லாம் எப்போதோ பங்கு போட்டு முடித்துவிட்டார்கள். பெண்ணுடைய பங்குக்கு வந்தது மட்டும் காவல் காக்கிற வேலையாகவே இருக்கிறது.

அடுத்த நாளிலிருந்து சந்திரிகா வீட்டில் இருந்தார். காலையில் பெரட்டுக்குப் போகிறவர்களின் காலடி வாசலைத் தாண்டிப் போகும். நேற்றுவரை “சந்திரிகாக்கா, வாங்க” என்று கூப்பிட்டு நின்றவர்கள், இப்போது மழைச் சீட்டைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு விறுவிறென்று நடந்தார்கள். பயம்தான். அவர்களுக்கும் காம்பரா வேண்டும். சந்திரிகா அவர்கள்மேல் கோபப்படவில்லை. தண்ணீர் விழும் பீலியடியில் போய், வெளுத்த துணியையே மறுபடி வெளுத்தார். இஸ்தோப்புக்குச் சாணி மெழுகினார். எடுக்க ஆளில்லாமல் தன் செடி நிரையில் கொழுந்து முற்றிப் போகும் என்பது நினைப்பில் வந்தபோது மட்டும் விரல்கள் தன்பாட்டில் துறுதுறுத்தன.

பௌர்ணமி விடுமுறையான போயா நாளன்று மகள் நிஷாந்தினி வந்தாள். கண்டி டவுனில், அக்குறணைக்காரர் ஒருவருடைய துணிக்கடையில் நிற்கிறாள். பஸ்ஸில் கசங்கிய சுடிதாரோடு வந்து, வாங்கி வந்த பாண் ரொட்டியையும் பருப்பையும் வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் அடுப்படியில் குந்தினாள். அழகையா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“கடையில நான் வாய் ஓயாம வாங்க வாங்கன்னுதாம்மா சொல்றேன். வாசல்ல நாய் வந்து நின்னாலும் வாங்கன்னு வருது.”

“நல்ல பழக்கந்தான.”

“அது துணி விக்கிறதுக்கும்மா. ஒண்ணும் எடுக்காமப் போனா, பின்னால என்னா சொல்வோம்ன்னு நீங்க கேக்கணும்.” அவள் சிரித்தாள். “ஆனா ஸிபான் மொதலாளி எங்களையும் வாங்க மகள், இருங்க மகள்ன்னுதான் சொல்லுவாரு. ஏசுறப்பவும் ங்க போட்டுத்தான் ஏசுவாரு.”

“பாத்தியா,” என்றார் சந்திரிகா. “கீழ கடையில இருக்கிற சிங்கள அம்மா என்னய ‘என்ட அக்கே’, வாங்க அக்கான்னுதான் கூப்பிடுது. அதுக்கு நம்ம பாஷ தெரியுமா, நம்ம என்னா சொந்தமா? அது வாயில வருது. இவன் நம்ம வீட்டுச் சோத்தத் தின்னு வளந்த மாதிரி ஒருத்தன். ஒரே ஒரு எழுத்துடி. கடையில வாங்க வேணாம், மலையில போயி புடுங்க வேணாம், வாய்க்குள்ளயே கெடக்கு. அத எடுத்து ஒரு கெழவனுக்குப் போட அவனுக்கு என்னா கேடு?”

“நாளைக்கி என்னா செய்யப் போறீங்க?”

“பெரட்டுக்குப் போவேன். அவன் மொதல்ல ஒங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேக்கட்டும், பெறகு நான் கேக்கிறேன். எல்லார் முன்னுக்கும் சத்தமாச் சொல்லுவேன்.”

“பேர வெட்டினா?”

“வெட்டட்டும்.”

அழகையா எழுந்தார். கோட்டை மாட்டினார். “எங்கங்க இந்த மழையில?” என்று சந்திரிகா கேட்டதற்கு, “கடப் பக்கம்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நிஷாந்தினி நாலு மணி பஸ்ஸுக்குப் போகும்வரை அவர் வரவில்லை. வந்தபோது முகம் தெளிந்திருந்தது. இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் பெரட்டில் சந்திரிகா பின்னால் ஒதுங்கவில்லை. முன்வரிசையில், படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டே நின்றார். சொல்ல வேண்டியதை வாய்க்குள் அடுக்கி வைத்திருந்தார். நிரஞ்சன் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். “சுதர்சினி, நாலாம் நம்பர் மலை. சந்திரிகா, நாலாம் நம்பர்.” அவ்வளவுதான். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த பெயருக்குப் போனான்.

மலையேறும்போது சுதர்சினி அவர் கையைப் பிடித்துக் கிள்ளினாள். “வென்னுட்டீங்க அக்கா! பயந்துட்டான் பாருங்க.” மற்றப் பெண்களும் கிட்ட வந்தார்கள். ஒருத்தி பாக்குக் கொடுத்தாள். இன்னொருத்தி ‘கவர்மெண்டே ஒங்களுக்குப் பயப்படும்’ என்றாள். இத்தனை நாள் முகம் திருப்பியவர்கள் பத்து மணிக்கு ரொட்டியைப் பிய்த்துச் சந்திரிகாவின் கையில் திணித்தார்கள். அன்றைக்கு மழையும் கொஞ்சம் விட்டது. சந்திரிகாவின் கை நிரையில் பறந்தது. சந்தோஷமாக இருந்தார். நியாயமான சந்தோஷம், அதை நான் ஏன் குறைத்துச் சொல்ல வேண்டும்?

பின்னேரம் மடுவத்தில் பையைத் தராசில் மாட்டினார். நிரஞ்சன் அவரைப் பார்த்தான். அவன் பார்வையில் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது.

“அக்கா, மருந்தெல்லாம் ஒழுங்காக் குடிக்கிறியா?”

“என்னா மருந்து?”

“தலைக்குத்தான்.” அவன் குரலைத் தாழ்த்தினான், ஆனால் வரிசை முழுக்கக் கேட்கும்படி தாழ்த்தினான். “நேத்து குவார்ட்டர்ஸுக்கு அழகையாண்ணன் வந்து எல்லாத்தையும் சொன்னாரு. அழுதுட்டாரு பாவம். திடீர் திடீர்ன்னு இப்பிடி வருமாமே, என்னா பேசுறோம்னே தெரியாதாமே. மொதல்லயே தெரிஞ்சிருந்தா நான் கோவிச்சிருப்பேனா? சரி சரி, போயி ரெஸ்ட் எடு.”

சொன்னாரு என்றான். அழுதுட்டாரு என்றான். அண்ணன் என்றான். அழகையாவுக்கு அந்த வாயிலிருந்து மரியாதை கிடைத்தது அதுதான் முதல் தடவை. பெண்டாட்டிக்குப் பைத்தியம் என்று சொன்னதற்குக் கிடைத்த சம்பளம் அது.

சந்திரிகா வாயைத் திறந்தார். பொய் என்று கத்த வேண்டும். சுதர்சினி தரையைப் பார்ப்பது தெரிந்தது. பாக்குக் கொடுத்தவள் இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். கத்தினால் என்ன ஆகும் என்று சந்திரிகாவுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. திறந்த வாயை மூடினார். வெறும் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். சாக்கு ஏற்றும் பக்கம் அழகையா இல்லை. அவர் அன்றைக்கு நேரத்தோடே வீட்டுக்குப் போயிருந்தார்.

வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து செய்யாத வேலையாக, அழகையா தேத்தண்ணி ஊற்றி மூடி வைத்திருந்தார்.

“வந்துட்டியா? பேர் போட்டானா?”

“போட்டான்.”

“பாத்தியா. எல்லாம் சரியா வரும்னு நான் சொல்லல?”

“அவன்கிட்ட என்னா சொன்னீங்க?”

“அது எதுக்கு இப்ப? குடி, ஆறிரும்.”

“எனக்குப் பைத்தியம்னு சொன்னீங்களா?”

“பைத்தியம்னு எங்கடி சொன்னேன்? தலையில கொஞ்சம் கோளாறுன்னேன்.” அவர் கையை விரித்தார். “வேற என்னா செய்யச் சொல்ற? நீ பெரட்டுல போயி நின்னு கத்துவ, அவன் பேர வெட்டுவான். காம்பரா போனா எங்க போறது? நாளைக்கி நிஷாந்தினியப் பொண்ணு கேட்டு வந்தா ரோட்லயா ஒக்கார வைக்கிறது? ஒரு வார்த்த சொன்னேன், எல்லாம் முடிஞ்சிச்சி. அதுனால நீ என்னா தேஞ்சா போயிட்ட?”

“இனிமே தராசு சரியில்லன்னு நான் சொன்னா, அவளுக்கு மண்ட சரியில்லம்பாங்க. எவனாச்சும் கையப் புடிச்சான்னு சொன்னாலும் அதத்தான் சொல்வாங்க. சாகிற வரைக்கும் நான் வாயத் தொறக்க முடியாது. வெளங்குதாங்க ஒங்களுக்கு? ஒங்க மருவாதிய நீங்க அவன் கால்ல போடுங்க, அது ஒங்க சாமான். என்னோடத எதுக்கு எடுத்துப் போட்டீங்க?”

“கால்ல ஒண்ணும் விழல,” என்றார் அழகையா. அவர் குரல் மாறியது. முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அதை அவரால் அடக்க முடியவில்லை. “அவரு நல்ல மனுசன்டி. நம்மதான் தப்பா நெனச்சிட்டோம். வாங்கன்னாரு. உள்ளுக்கு வாங்க, ஒக்காருங்கன்னாரு. கதிர போட்டுக் குடுத்தாரு எனக்கு.”

சந்திரிகா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நீ ஒக்காந்தியா?”

“என்னா?”

“கதிரையில ஒக்காந்தியான்னு கேட்டேன், அழகையா.”

அடுத்த காம்பராவில் ஓடிக்கொண்டிருந்த டீவியின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள். தாலி கட்டிய நாளிலிருந்து சந்திரிகா உச்சரித்திராத பெயர் அது. அரிசி அட்டைக்குப் புருஷன் பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைத்தான் சொல்லச் சொல்வார்.

அழகையாவுக்குக் கோபம் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டு எழுந்தான். “யாரப் பாத்துடி நீங்கிற?” என்று கையை ஓங்கினான்.

சந்திரிகா நகரவில்லை. ஓங்கிய கையை அண்ணாந்து பார்த்தார்.

“வருதில்ல கோவம்? இத்தன வருசமா எங்க ஒளிச்சி வச்சிருந்த? எறக்காத, அந்தக் கைய அப்பிடியே தூக்கிக்கிட்டு மடுவத்துக்குப் போ.”